தோழி இல்லாத காதல்

விவேக் நகரில் வியாழக்கிழமை மாலை என்றால் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருவோரும் போவோருமாகத் தெரு நிறைந்துவிடும். மெழுகுவர்த்தி விற்போர் ஒருபுறம், பூ விற்போர் ஒருபுறம். தமிழும் கன்னடமும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். அத்தகைய மாலையொன்றில், அத்தெருவைப் பார்த்த எங்கள் மாடி அறையில், நண்பர் ஒருவர் கைப்பேசியையே நோக்கியபடி அமர்ந்திருந்தார். அவர் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. படித்தாயிற்று, பதில் இல்லை. ஒன்பது முறை அழைத்தார். பத்தாம் முறை அழைத்தபோது அந்தப் பக்கத்துக் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அன்றிரவு அவர் உண்ணவில்லை.

உண்மை மறுநாள் தெரிந்தது. அந்தப் பெண் அப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்தார். செய்தியைப் பார்த்தார், வேலை முடிந்ததும் நிதானமாகப் பேசலாம் என எண்ணினார். அழைப்பின் மேல் அழைப்பு வரவே, மூச்சுத் திணறியது போலாகிக் கருவியை அணைத்துவிட்டார். இவர் நெருங்க நெருங்க அவர் விலகினார். அவர் விலக விலக இவர் நெருக்கினார். இருவரும் நல்லவர், இருவரிடத்தும் அன்பு உண்டு. ஆயினும் அன்று இருவருமே துன்புற்றனர். ஏன்?

இந்த ‘ஏன்’ என்னும் வினாவுக்கு உளநூலார் அறுபது எழுபது ஆண்டுகளாக விடை தேடி வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் நமக்குப் பயன்படுவன சிலவற்றை இங்கே காண்போம். பாடநூலில் தேர்வுக்காகப் படிப்பது வேறு. நம் வாழ்வுக்காகப் படிப்பது வேறு அன்றோ?

தொட்டிலில் தொடங்கிய ஆராய்ச்சி

இலண்டன் மாநகரில் மனநோய் மருத்துவராக விளங்கியவர் ஜான் பவுல்பி. தாயைப் பிரிந்த குழந்தைகளின் நிலை குறித்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 1951-இல் அவர் எழுதிய அறிக்கை உலகெங்கும் படிக்கப்பட்டது. பால் கொடுப்பதால் மட்டும் குழந்தை தாயைப் பற்றிக்கொள்வதில்லை. அச்சம் வரும்போது ஓடி அடைவதற்கு ஒரு புகலிடம், அச்சம் தீர்ந்தபின் உலகைக் காணப் புறப்படுவதற்கு ஒரு தளம், இவ்விரண்டையும் வேண்டியே குழந்தை ஒருவரைப் பற்றுகிறது என்பது அவர் கொள்கை. இப்பற்றினை நாம் ‘பிணைப்பு’ என்று வழங்கலாம்.

பவுல்பியின் கொள்கைக்குக் கண்கூடான சான்று தேடியவர் மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார். 1950-களில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் தாய்மாரையும் சேய்களையும் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு ஓராண்டுக் காலம் சென்று வந்தார். ஓர் எளிய சோதனையையும் வகுத்தார். ஓராண்டு நிரம்பிய குழந்தை, பழகாத ஓர் அறையில் விளையாடிக்கொண்டிருக்கும். தாய் சிறிது நேரம் வெளியே சென்று திரும்புவார். தாய் சென்றபோது குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பி வந்தபோது என்ன செய்தது என்பதையே அம்மையார் முதன்மையாக நோக்கினார்.

பெரும்பாலான குழந்தைகள் தாயிடம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. சற்று நேரத்தில் தேறி மீண்டும் விளையாடச் சென்றன. இது உறுதிப் பிணைப்பு. சில குழந்தைகள் தாயை இறுகப் பற்றிக்கொண்டே அவரை உதைத்தும் அழுதும் தேறாமல் நின்றன. இது பதற்றப் பிணைப்பு. வேறு சில, தாய் வந்ததைக் காணாதவை போலப் பொம்மையில் கண்ணாயிருந்தன. இது விலகல் பிணைப்பு. இம்மூன்றாம் வகைக் குழந்தைகளைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள்! அவற்றின் இதயத் துடிப்பைப் பின்வந்த ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, முகத்தில் காணாத கலக்கம் நெஞ்சுக்குள் இருந்தது தெரிந்தது.

தொட்டிலிலிருந்து காதலுக்கு

குழந்தைக்குப் பொருந்துவது குமரிக்கும் காளைக்கும் பொருந்துமா? இவ்வினாவை எழுப்பியவர்கள் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிண்டி ஹசானும் பிலிப் ஷேவரும் ஆவர். உள்ளூர் நாளிதழ் ஒன்றில் காதலைப் பற்றிய வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். தம்மை வந்தடைந்த விடைகளில் 620-ஐ ஆராய்ந்து, 1987-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 56 பேர் உறுதிப் பிணைப்பினர். 25 பேர் விலகுவோர். 19 பேர் பதறுவோர். குழந்தைகளிடம் காணப்பட்ட பங்கீட்டை இது பெரிதும் ஒத்திருந்தது.

பதறுவோர், தம்மை மற்றவர் போதிய அளவு நேசிக்கவில்லையோ, விட்டுப் போய்விடுவாரோ என்று ஓயாது அஞ்சுவர். விலகுவோர், ஒருவர் மிக நெருங்கி வந்தால் சங்கடப்படுவர். பிறரைச் சார்ந்திருப்பதை வெறுப்பர். எங்கள் அறை நண்பர் எந்த வகை, அந்தப் பெண் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்று நான் சொல்ல வேண்டுமோ? ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இன்றைய ஆய்வாளர் இவற்றை மூன்று பெட்டிகளாகக் கொள்வதில்லை. பதற்றம், விலகல் என்னும் இரண்டு அளவுகோல்களில் நாம் ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறோம் என்றே கொள்கின்றனர். ஒருவரிடம் பதறுபவர் வேறொருவரிடம் அமைதியாக இருப்பதும் உண்டு.

உணர்ச்சியை ஆளும் வழிகள்

பிணைப்பு என்பது விதை என்றால், அது முளைத்து வெளிப்படும் இடம் உணர்ச்சியை நாம் ஆளும் முறை. மனம் புண்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? பதறுவோர் உணர்ச்சியைப் பெருக்குவர்: தீயை விசிறுவது போல, பழைய குறைகளையெல்லாம் நினைவுக்குக் கொண்டு வருவர். விலகுவோர் உணர்ச்சியை அடைத்து வைப்பர்: ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது அவர்களது பல்லவி.

ஜெஃப்ரி சிம்ப்சனும் அவர்தம் துணைவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை நன்கு காட்டுகிறது. 83 காதல் இணைகளை அழைத்தனர். பெண்ணிடம் மட்டும், அச்சந்தரும் சோதனை ஒன்றுக்கு நீங்கள் உட்பட வேண்டும் என்று கூறி, இருவரையும் ஓர் அறையில் ஐந்து நிமிடம் காத்திருக்கச் செய்து கவனித்தனர். உறுதிப் பிணைப்புடைய பெண்கள், அச்சம் மிகுந்தபோது துணைவனிடம் மிகுதியாக ஆறுதல் தேடினர். விலகல் மிக்க பெண்களோ, அச்சம் மிக மிக அவனை விட்டு ஒதுங்கினர். துணை மிகவும் வேண்டிய நேரத்திலேயே துணையைத் தள்ளினர் என்பதைக் கவனியுங்கள்!

உணர்ச்சியை ஆளும் முறைகளை வகைப்படுத்தியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் கிராஸ். அவர் கூறும் முறைகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று அடக்குதல்: உணர்ச்சி எழுந்தபின் அதனை முகத்தில் காட்டாமல் மறைப்பது. மற்றொன்று மறுநோக்கு: நடந்ததை வேறொரு கோணத்திலிருந்து பார்த்து, உணர்ச்சி முற்றும் முன்பே அதன் பொருளை மாற்றுவது. ‘என்னைப் புறக்கணித்தார்’ என்பது முதல் நோக்கு. ‘ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம்’ என்பது மறுநோக்கு.

அடக்குவது பெருந்தன்மை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எமிலி பட்லர் என்பார் 2003-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக அமரச் செய்து, மனத்தை வருத்தும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசச் செய்தனர். சில இணைகளில் ஒருத்தி மட்டும் தன் உணர்ச்சியை மறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறு மறைத்த இடத்தில் உரையாடல் தடுமாறியது, நெருக்கம் குறைந்தது. அதற்கும் மேலாக, எதிரே இருந்தவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது! நாம் விழுங்கும் கோபம் நம் வயிற்றோடு நிற்பதில்லை. எதிரில் இருப்பவரையும் சுடுகிறது.

நிலைத்திருத்தலும் நிறைவும்

‘எப்படியோ பிரியாமல் இருக்கிறோம், அது போதாதா?’ என்று கேட்பவர் உண்டு. போதாது. லீ கிர்க்பாட்ரிக், கீத் டேவிஸ் இருவரும் 354 காதல் இணைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994-இல் எழுதினர். பதறும் பெண்ணும் விலகும் ஆணும் சேர்ந்த இணைகள் தம் உறவைப் பற்றி நல்ல மதிப்புக் கூறவில்லை. ஆயினும் அவ்விணைகள் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் நிலைத்தன! ஆகவே பிரியாமை ஒன்றே மனநிறைவுக்கு அடையாளம் ஆகாது. ஒவ்வொருவரும் தாம் அஞ்சியதையே மற்றவரிடம் கண்டு, ‘உலகம் இப்படித்தான்’ என்று பழகிப்போவதும் உண்டு.

நிறைவுடைய உறவு என்ன தரும்? 2006-இல் ஜேம்ஸ் கோன் என்பாரும் அவர் துணைவரும், மணமான 16 பெண்களை மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, சிறு மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தனர். தனியே கிடந்தபோது எழுந்த அச்சக் குறிகள், கணவன் கையைப் பற்றியபோது தணிந்தன. அயலார் கையைப் பற்றியபோது அவ்வளவு தணியவில்லை. மணவாழ்வில் நிறைவு மிகுந்த பெண்களிடம் இத்தணிவும் மிகுதியாயிற்று. பவுல்பி சொன்ன புகலிடம் என்பது வெறும் உவமை அன்று என்பது இதனால் விளங்கும்.

மாறுமா இந்த மனம்?

‘குழந்தையில் அமைந்தது குழிக்குப் போகும் வரை மாறாது’ என்று சோர்ந்துவிட வேண்டா. மினசோட்டாவில் 78 பேரைக் குழந்தைப் பருவம் முதல் இருபது வயதுக்கு மேல் வரை தொடர்ந்து கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஓராண்டுக் குழந்தையின் பிணைப்பு, தொடக்கப் பள்ளியில் பிற பிள்ளைகளோடு பழகும் திறனோடு தொடர்புற்றது. அத்திறன் 16 வயதில் நெருங்கிய நண்பரோடு கொண்ட நட்பின் உறுதியோடு தொடர்புற்றது. அந்நட்பு, 20 முதல் 23 வயதுக்குள் காதலரிடம் காட்டும் உணர்ச்சியோடு தொடர்புற்றது. தொட்டிலுக்கும் காதலுக்கும் இடையே இத்தனை படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் திரும்ப வழி உண்டு. தாய்க்கும் காதலர்க்கும் நடுவே நட்பு நிற்பதை நோக்குங்கள். நல்ல நண்பரோடு பழகியவர் காதலுக்கும் பயிற்சி பெறுகிறார்.

நம் முன்னோர் வைத்த மூன்றாம் ஆள்

இவ்விடத்தில்தான் நம் இலக்கியம் நினைவுக்கு வருகிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று அகத்திணைக்கு ஐந்து உரிப்பொருள் வகுத்தனர். இவற்றுள் சேர்ந்திருக்கும் இன்பம் ஒன்றே. ஏனைய நான்கும் பிரிவையும் வருத்தத்தையும் பற்றியவை! காதல் என்றால் இடைவெளியைத் தாங்குவதே என்று அன்றே கண்டிருந்தனர். திருக்குறளின் இன்பத்துப்பாலில் உள்ள 25 அதிகாரங்களில் கடைசி மூன்றும் ஊடலைப் பற்றியவை. புலவியை உணவுக்கு இடும் உப்புக்கு ஒப்பிட்டு, அளவு மிஞ்சலாகாது என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். ஊடவே கூடாது என்று அவர் கூறவில்லை. நீட்டிக்காதே என்றே கூறுகிறார். அடக்குதலும் பெருக்குதலும் இல்லாத நடுவழி இது.

அந்த நடுவழியைக் காட்டுவதற்கு ஓர் ஆளையும் வைத்தனர். அவளே தோழி. தலைவி கலங்கும்போது ‘வருவார், பொறு’ என்று ஆற்றுவிப்பாள். தலைவன் காலம் தாழ்த்தும்போது அவனை இடித்துரைப்பாள். வீட்டாரிடம் காதலை எடுத்துரைக்க வேண்டிய நேரத்தில் அறத்தொடு நிற்பாள். மணத்துக்குப் பின் ஊடல் வந்தால், பாணன், பாங்கன், விறலி முதலியோரும் வாயில்களாக வந்து சமாதானம் பேசுவர். தோழி தலைவியின் பக்கத்தவள்தான். ஆயினும் அவள் விரும்புவது ஒருவர் வெற்றியை அன்று, இருவர் நலத்தை.

இதனையே இன்றைய ஆய்வொன்றும் வேறு வழியில் சென்று கண்டிருக்கிறது. சிகாகோ வட்டாரத்தில் 120 மணமான இணையரை ஈலை ஃபிங்கலும் அவர் துணைவரும் ஈராண்டுகள் கவனித்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். முதலாண்டில் எல்லாரிடத்தும் மனநிறைவு சிறிது சிறிதாகக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தனர். அண்மையில் நடந்த சச்சரவை, இருவர் நலத்தையும் நாடும் நடுநிலையாளர் ஒருவர் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்? அவ்வாறு பார்ப்பதற்கு எனக்கு எது தடை? அத்தடையை எப்படி நீக்குவேன்? இவற்றை ஏழு நிமிடம் எழுத வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு முறையாக ஆண்டில் மூன்று முறை. மொத்தம் 21 நிமிடம். எழுதியவரிடம் மனநிறைவு மேலும் குறையாமல் நின்றது. எழுதாதவரிடம் தொடர்ந்து குறைந்தது. எழுதியவர்கள் சண்டையிடாமல் இருந்தார்களா? இல்லை, சண்டை வந்தது, அதன் கசப்புத்தான் குறைந்தது.

இருவர் நலத்தையும் நாடும் அந்த மூன்றாம் ஆள் யார்? நம் தோழியே அல்லவா!

இன்று நம் காதலுக்கு இல்லாதது இதுவே. அறை உண்டு, கைப்பேசி உண்டு, நொடியில் செய்தி உண்டு. நடுவில் நின்று ‘சற்றுப் பொறு’ என்று சொல்ல ஆள் இல்லை. வெளியூரிலிருந்து பெங்களூருக்கு வந்த நாம் வீட்டாருக்கு அஞ்சி மறைக்கிறோம். சாதிக்கு அஞ்சி மறைக்கிறோம். நண்பர் கேலிக்கு அஞ்சி மறைக்கிறோம். மறைத்து மறைத்து, பிணைப்பின் பாரம் முழுவதையும் ஒருவர் தோளில் ஏற்றுகிறோம். தாயும் தோழியும் வாயில்களும் பகிர்ந்து சுமந்ததை ஒருவர் எப்படிச் சுமப்பார்?

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, இவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை அமெரிக்க நாட்டில் நடந்தவை. எட்டு நாடுகளின் குழந்தைப் பிணைப்பு ஆய்வுகளைத் தொகுத்து 1988-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் இந்தியா இடம்பெறவில்லை. உணர்ச்சியை அடக்குவதன் தீமை, ஆசியப் பண்பாட்டில் ஊறியவரிடம் குறைவாகவே காணப்படுகிறது என்று பட்லர் குழுவினரே 2007-இல் எழுதினர். வீட்டில் காதலைச் சொல்ல முடியாதவர் மறைப்பது அவர் குணத்தால் அன்று, சூழ்நிலையால். அதனை நோயாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, ‘நீ விலகல் பிணைப்பு’, ‘நான் பதற்றப் பிணைப்பு’ என்று பெயர் சூட்டுவதால் பயன் இல்லை. பிறரைக் குத்துவதற்கோ தம் குறைக்குச் சாக்குச் சொல்வதற்கோ இக்கல்வி ஏற்பட்டதன்று.

மூன்றாவது, மிக முக்கியமானது. கைப்பேசியைப் பறித்துப் பார்ப்பது, யாரோடு பேசலாம் என்று கட்டளையிடுவது, மிரட்டுவது, கை ஓங்குவது, வேண்டாம் என்று சொன்னவரைப் பின்தொடர்வது ஆகியவற்றைப் பதற்றத்தின் பெயரால் மன்னிக்கலாகாது. அங்கே மறுநோக்குக்கு இடமில்லை. அவ்வுறவை விட்டு வெளியேறுவதும் உதவி நாடுவதுமே வழி.

நாம் செய்யக்கூடியன

மனம் கொதிக்கும்போது உடனே செய்தி அனுப்பாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இருவர் நலத்தையும் விரும்பும் தோழி ஒருத்தி இதனை எப்படிச் சொல்வாள் என்று எழுதுங்கள். விலகும் இயல்புடையவரானால், ‘இப்போது பேச இயலவில்லை; இரவு ஒன்பது மணிக்குப் பேசுகிறேன்’ என்று ஒரு வரி சொல்லுங்கள்; சொன்னபடி பேசுங்கள். குழந்தைக்குத் தாய் திரும்பி வருவாள் என்ற உறுதி எப்படியோ, அப்படியே அந்த ஒரு வரி. நண்பர் தம் வருத்தத்தைச் சொல்ல வந்தால், கேலி செய்யாமல் கேளுங்கள். ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கித் தீயை மூட்டாதீர்கள். நாம் ஒவ்வொருவரும் ஒருவருக்குத் தோழியாகலாம், பாங்கனாகலாம்.

நண்பரால் ஆகாத அளவு துயரம் முற்றினால், உறக்கமும் உணவும் பல நாள் கெட்டால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், சிறிதும் தயங்காதீர்கள். நம் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிலையம் இருக்கிறது. 1974-இல் அப்பெயரில் அமைந்த அது நாடெங்கும் புகழ் பெற்றது. 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். கால் முறிந்தால் மருத்துவரிடம் செல்ல வெட்கப்படுகிறோமா?

எங்கள் அறை நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்த வியாழன் இரவு நானும் முதலில் ‘விட்டுத் தள்ளப்பா’ என்றுதான் சொன்னேன். அது உதவவில்லை. பின்னர், ‘அந்தப் பெண் இப்போது எங்கே, என்ன செய்துகொண்டிருக்கலாம்?’ என்று கேட்டேன். நெடுநேரம் எண்ணி, ‘ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம்’ என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் சிறிது தெளிந்தது. மறுநாள் இருவரும் பேசினர், இன்றும் பேசுகின்றனர். ஊடல் இல்லாமலில்லை. ஆனால் பதில் வராத மாலைகளில் ஒன்பது முறை அழைப்பு இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஓர் அழைப்பு உண்டு. அது அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.